யாருக்கு யார் ஆகாது என்ற நோட்டு

முப்பத்தொரு வருடம் ஓர் உளவியல் ஆய்விதழின் அலுவலகத்தில் குப்பை கொட்டியவள் நான். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை; வந்து விழுந்த கட்டுரைகளில் பாதி அந்த ரகம். ஆசிரியர்கள் ஐந்து பேர் மாறினார்கள். மாறாதவை இரண்டு: நானும் என் நீல அட்டை நோட்டும்.

யாருடைய கட்டுரையை யாரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று அந்த நோட்டில் எழுதி வைப்பேன். இவர் அவருடைய மாணவர். இந்த அம்மாள் அவருடைய முன்னாள் மனைவி. இந்த இரண்டு பேரும் மாநாட்டு மேடையில் மைக்குக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள். மனித மனத்தை ஆராய்கிறவர்களின் வன்மத்துக்கு இருநூறு பக்கம் போதாமல், நடுவில் தாள் சேர்த்துத் தைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற மறுமாதம் ஆறாவது ஆசிரியர் வந்தார். அலுவலக உதவியாளர் வைத்த பெயர் 'அதிரடி'. பல் துலக்குவதைக்கூட 'சீர்திருத்தம்' என்று அறிவித்துவிட்டுத்தான் துலக்குவார் என்று கேள்வி. முதல் வாரத்திலேயே ஒரு மென்பொருளைக் கொண்டுவந்து இறக்கினார். இனிமேல் எழுதியவர் பெயர் மதிப்பீட்டாளருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. எழுதியவர் தன் பழைய கட்டுரைகளைச் சுட்டியிருந்தால் மென்பொருள் அவற்றையும் கறுப்படித்துவிடும். மதிப்பீட்டாளர் யார் என்பதை, கட்டுரையின் பொருளைப் பார்த்து அதுவே தீர்மானிக்கும்.

ஆலோசனைக் குழுவில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள், கிழவி வாயைத் திறக்க மாட்டாள் என்ற அசட்டு நம்பிக்கையில்.

"அப்ப என் நோட்டு?" என்றேன்.

"அம்மா, அது வெறும் வம்பு மூட்டை. அறிவியலுக்கு எதுக்கு ஊர்க்கதை?"

அவருடைய புது மேசைக்கு ஒரு கால் குட்டை. வம்பு மூட்டை அந்தக் காலுக்கு முட்டுக்கொடுக்கப் போனது.

இதில் என் மருமகள் எங்கே வருகிறாள் என்றால், அவள் அதிரடியின் ஆய்வு மாணவி. நாற்பத்திரண்டு வயது, இரண்டு பிள்ளைகள். வரிசையில் காத்திருப்பவர்களின் பொறுமையைப் பற்றி ஆராய்ச்சி. ஆஸ்பத்திரி, பாஸ்போர்ட் ஆபீஸ் என்று நின்று நின்று நானூறு பேரிடம் பேசிக் கட்டுரை எழுதினாள். இரண்டு மாதத்துக்குள் அது ஓர் இதழில் ஏற்கப்படாவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவு ரத்து. ஆறு வருட உழைப்பு பாழ். பல்கலைக்கழகப் பட்டியலில் அவள் துறைக்கு இருந்ததோ எங்கள் இதழ் ஒன்றுதான். வழிகாட்டி என்ற முறையில் இரண்டாவது பெயராக அதிரடியின் பெயரைப் போட்டாள். எட்டு முறை அவருக்கு வரைவு அனுப்பினாள். எட்டு முறையும் ஒரே பதில்: "அருமை. தொடரவும்."

இதழுக்கு அனுப்பிய இருபத்தோராம் நாள் காலை, மருமகள் போனை என் மடியில் போட்டுவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

"நிராகரிச்சுட்டாங்க அத்தை. முடிஞ்சுபோச்சு."

"அழுறத அப்புறம் வச்சுக்கலாம். மூக்குக்கண்ணாடிய எடு."

மதிப்பீட்டைப் படித்தேன். 'மேலோட்டமான சிந்தனை. இத்துறையின் முன்னோடி ஆய்வுகளைக் கட்டுரையாளர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.' கீழே, கட்டாயம் சுட்ட வேண்டியவை என்று ஏழு கட்டுரைகள். ஏழையும் எழுதியவர் ஒரே மகான். அதிரடி.

"ஏண்டி, இந்த ஏழையும் நீ போடலையா?"

"போட்டேனே! எழுதினவங்கள்ல அவர் பேரும் இருக்கறதால மென்பொருள் எல்லாத்தையும் கறுப்படிச்சிடுச்சு."

நான் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது.

"என் பொழப்பே போகுது, உங்களுக்குச் சிரிப்பு வருதா?"

"போகாதுடி. உன் வாத்தியாரே உன்னக் கரை சேப்பாரு, பாரு."

அடுத்த வாரம் குழுக் கூட்டம். அதிரடி திரையில் ஓராண்டுச் சாதனைகளை ஓடவிட்டார். அறிவியலே இப்போதுதான் பிறந்து தொட்டிலில் கிடப்பதுபோல் ஒரு பேச்சு.

"நம்ம தரத்துக்கு ஒரு சாம்பிள் சொல்றேன். போன வாரம் வரிசை, பொறுமைன்னு ஒரு குப்பை வந்தது. மென்பொருள் எனக்கே அனுப்புச்சு. கிழிச்சுத் தோரணம் கட்டிட்டேன்!"

நான் கையைத் தூக்கினேன். "முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். அதை எழுதினது என் மருமக. அதனால முடிவு சொல்ல எனக்கு உரிமையில்ல. எழுதினவங்க பேரை மட்டும் திறந்து காட்டச் சொல்லுங்க."

குழுத் தலைவி கணக்கு வாத்தியார்போல் கறாரான பேராசிரியை. திறக்கச் சொன்னார். திரையில் இரண்டு பெயர்கள். முதலாவது என் மருமகள். இரண்டாவது, ஆள் உயர எழுத்தில், அதிரடி.

குழுவினர் எல்லோரும் திரையை விட்டு அதிரடி பக்கம் நாற்காலியைத் திருப்பினார்கள்.

"சார், இது நீங்க எழுதினதா?" என்றார் தலைவி.

"அது... வழிகாட்டிங்கிற முறையில..."

"படிச்சீங்களா? படிச்சிருந்தா, உங்க கட்டுரைன்னு தெரிஞ்சே நீங்களே மதிப்பீடு செஞ்சிருக்கீங்க. படிக்கலைன்னா, உங்க பேரு அங்க எதுக்கு? எதுன்னு சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்."

அதிரடி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். ஒன்று பக்கத்து நாற்காலிக்காரருடையது.

"என் பேரை எடுத்துடறேன்," என்றார் கடைசியில், எலி கீச்சிடுகிற குரலில்.

அந்த மதிப்பீட்டை ரத்து செய்தார்கள். கட்டுரை வெளியூர்ப் பேராசிரியர்கள் இருவரிடம் போனது. ஒருவர் இரண்டு அட்டவணைகளைத் திருத்தச் சொன்னார். மற்றவர் கமாவில் குறை கண்டார். பதிவு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது ஏற்புக் கடிதம் வந்தது, என் மருமகள் பெயர் மட்டும் தாங்கி.

கூட்டம் முடிந்த அன்றே தலைவி கேட்டிருந்தார்: "அம்மா, அந்த நோட்டு எங்க இருக்கு?"

உதவியாளர் அதிரடியின் அறைக்கு எங்களை அழைத்துப்போய், குனிந்து மேசைக்கடியிலிருந்து உருவினார். மேசை சாய்ந்து அதிரடியின் தேநீர் சாதனைப் பட்டியல் மேல் கொட்டியது. யாரும் துடைக்கவில்லை.

நோட்டின் மூலை நசுங்கியிருந்தது. பேனாவைக் கடன் வாங்கி, முதலில் மருமகள் பெயருக்கு எதிரே என் பெயரை எழுதினேன், நியாயம் நியாயம்தானே. அடுத்த வரியில் அதிரடியின் பெயர். யாருக்கு அனுப்பக் கூடாது என்ற இடத்தில் மறுபடியும் அதிரடியின் பெயர்.

முப்பத்தொரு வருடத்தில், தனக்குத் தானே ஆகாதவர் அவர் ஒருவர்தான்.