மாமா சாப்பிடும் விதம்

ஜப்பானிய மொழியில் சாப்பிடுவதற்கு 'தபெரு' என்று பெயர். அதன் வாலை நறுக்கிவிட்டு 'கதா' என்று ஒட்டினால் 'தபெகதா', அதாவது சாப்பிடும் விதம். நடப்பதை வெட்டி ஒட்டினால் நடக்கும் விதம், பேசுவதை வெட்டி ஒட்டினால் பேசும் விதம். அன்றைய பாடம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு ஒருத்தி தலை நிமிர முடியாத காரியம் ஒன்றைச் செய்வாள் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

மருமகள் நர்ஸ். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குப் போவதற்காக மொழி படித்துக்கொண்டிருந்தாள். அங்கே வேலை முடித்துக் கிளம்புகிறவள் அடுத்து வருகிறவளிடம், இன்னார் இன்றைக்கு எப்படிச் சாப்பிட்டார், எப்படி நடந்தார் என்று விவரமாகச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம். அதனால் சென்செய், அதாவது டீச்சரம்மா, இந்தப் பாடத்தில் மட்டும் ரொம்பக் கறார். அவர் வகுப்புக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் தம் வீட்டில் உள்ள யாராவது ஒருவரைப் பற்றிப் பேசி, குரலைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும். வகுப்பில் அதைப் போட்டுக் காட்டுவார். மற்றவர்கள் காதில் விழுந்ததை அப்படியே நடித்துக் காட்ட வேண்டும். நடிப்புச் சரியாக வந்தால் சொன்னவளுக்குப் பாராட்டு.

மருமகள் வேறு யாரையும் தேடி அலையவில்லை. வீட்டிலேயே மாமனார் இருந்தார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்ற பிறகு கைநடுக்கம் வந்தவர். அவள் வெளிநாடு போகிறேன் என்றபோது அவள் புருஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அவ போகட்டும்டா. நீ வீட்டைப் பாத்துக்க, நான் என்னைப் பாத்துக்கறேன்" என்று ஒரே போடாகப் போட்டு மகன் வாயை அடைத்தவர் அவர்தான். சாயங்காலம் வகுப்பு நேரம் வந்தால் சாப்பாட்டு மேஜையைக் காலி செய்து, லேப்டாப் வைக்க இடம் பண்ணிக் கொடுத்து, அவர் பாட்டுக்கு அறைக்குள் போய்விடுவார். அவ்வளவு மரியாதை அந்தப் படிப்புக்கு.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் இவள் பதிவு செய்தாள். வலது கை ஆடுகிறது, அதனால் இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார். ஸ்பூன் வாய்க்கு வருவதற்குள் வாய் ஸ்பூனைத் தேடிப் போகிறது, கழுத்தை நீட்டுகிறார். மெதுவாக மெல்லுகிறார். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது, நர்ஸ் பேச்சு. ஆனால் திரும்பப் போட்டுக் கேட்டபோது உப்புச் சப்பில்லாமல் இருந்தது அவளுக்கு. வகுப்பில் நாலு பேர் சிரிக்க வேண்டாமா? கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தாள். 'அவர் எழுந்து போன பிறகு நாற்காலிக்கு அடியில் எறும்புகளுக்குக் கல்யாண விருந்து.' அடுக்களையில் நின்று, குரலைக்கூடத் தாழ்த்தாமல் பேசினாள். சுவருக்குக் காது உண்டுதான், ஆனால் சுவருக்கு ஜப்பானிய மொழி தெரியாதே என்கிற தைரியம்.

வகுப்பில் அவளுடைய பதிவு ஓடியபோது மாமனார் தண்ணீர் குடிக்க வெளியே வந்தார். லேப்டாப் திரையில் வரிசையாக முகங்கள். எல்லாரும் சாப்பிடுகிறமாதிரி பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது, பாடமா பந்தியா?" என்று சிரித்துக்கொண்டே அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

அவள் திரையை மூடியிருக்கலாம். கை எழவில்லை. திரையில் ஒருத்தி இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொருவன் கழுத்தை ஆமைமாதிரி நீட்டினான். கையை வேண்டுமென்றே வெடவெடவென்று ஆட்டினான். பிறகு அந்தக் கடைசி வரி வந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி விரல்களை மேஜைமேல் எறும்பாக ஊரவிட்டாள்.

மாமனாரின் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியாது. திரும்பிப் பார்த்தபோது அவர் தம் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் குடிக்காமலே அறைக்குள் போய்விட்டார்.

"அருமை! நேர்ல பாக்கறமாதிரியே இருந்துச்சு. இன்டர்வியூவிலயும் இதையே சொல்லுங்க" என்றார் சென்செய். பாராட்டு என்பது இப்படியும் சுடும் என்று அவள் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள்.

அன்று ராத்திரியிலிருந்து அவர் மேஜைக்கு வரவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குப் போவார், கதவைச் சாத்திக்கொள்வார். கோபம் இல்லை, முகத்தைத் திருப்பவில்லை, "படிப்பு எப்படிம்மா போகுது?" என்று வழக்கம்போலக் கேட்டார். அவர் ஒரு திட்டுத் திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்பா ஏன் உள்ளயே சாப்பிடறார்?" என்று புருஷன் கேட்டான்.

"ரேடியோ கேக்கறாராம்" என்றாள். கூசாமல் பொய் வந்தது. அதற்கும் சேர்த்துக் கூசினாள்.

கடைசியில் ஒருநாள் மத்தியானம், புருஷன் வேலைக்குப் போன பிறகு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். மடியில் துண்டை விரித்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துண்டுக்கு அடியில் கொண்டுபோனார். அந்த ஒரு அசைவு போதும், அவளுக்கு உயிரே போனதுமாதிரி ஆனது.

"மாமா, என்னை மன்னிச்சிடுங்க. நான் செஞ்சது தப்பு."

"நீ என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியாதேம்மா. எதை மன்னிக்கிறது? எனக்குப் புரியறமாதிரி சொல்லு, கேப்போம்."

சொன்னாள். வேற்று மொழியில் மளமளவென்று வந்த வாக்கியங்கள் சொந்த மொழியில் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. கை ஆடுவதைச் சொன்னாள். மணிக்கட்டைச் சொன்னாள். கழுத்தைச் சொன்னாள். மெல்லுவதைச் சொல்லி முடித்து நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் மாமா."

"இல்லையே. கடைசில எல்லாரும் அப்படிச் சிரிச்சாங்களே. சிரிக்கறமாதிரி இதுல ஒண்ணும் வரலையே."

தரையைப் பார்த்துக்கொண்டு அதையும் சொன்னாள். எறும்பு, விருந்து, நாற்காலிக்கு அடியில். எந்த மொழியிலும் சொல்லத் தகாத வரி அது.

அவர் நிதானமாகச் சொன்னார்.

"கை ஆடுறது நிஜம். கழுத்தை நீட்டுறதும் நிஜம். நர்ஸு நீ, கண்ணால பாத்ததைச் சொன்னே. சொல்லிட்டுப் போ. ஆனா எறும்பு எங்கேருந்தும்மா வந்துச்சு? ஒரு பருக்கை விடாம பொறுக்கிட்டுத்தானே நான் எந்திரிக்கிறேன்?"

உண்மை. தினமும் சாப்பிட்டு முடித்ததும் மேஜையின் காலைப் பிடித்துக்கொண்டு, மடங்காத முழங்காலை மடக்கிக் கீழே குனிவார். ஆடுகிற விரல்களுக்கு ஒரு பருக்கை அகப்பட எத்தனையோ முயற்சி வேண்டும். "விடுங்க மாமா, நான் எடுக்கறேன்" என்று அவளே சொல்லியிருக்கிறாள். "உனக்கு எதுக்கும்மா அந்த வேலை" என்று அவர் மறுத்திருக்கிறார். அதெல்லாம் தெரிந்துதான், நன்றாகத் தெரிந்துதான், நாலு பேர் சிரிப்புக்காக அடுக்களையில் நின்று அந்த வரியைச் சேர்த்தாள்.



"சரி விடும்மா" என்றார் அவர். ஆனால் துண்டுக்கு அடியில் இருந்த கை வெளியே வரவில்லை. தட்டிலிருந்த சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் அங்கே நிற்கிறவரைக்கும் அவர் சாப்பிடப் போவதில்லை.

வெளியே வந்து, அவர் சொல்லாமலே, கதவைச் சாத்தினாள்.