கையில குடுத்த பொன்னாடை

பாண்டியராஜனுக்கு ஒரு எடத்துல ஒழுங்கா உக்காரத் தெரியாது. பழங்காநத்தத்துல ஒரு செல்போன் சர்வீஸ் கடையில வேலை. ஒரு போனைக் கழட்டிப் போட்டுட்டு இன்னொரு போன்ல பேசிக்கிட்டே மூணாவது ஆளுக்கு சைகை காமிப்பான். மண்டைக்குள்ள எப்பப் பாரு ஒரு பிளான் ஓடும். அதுல ஒண்ணுதான் இந்தக் கூட்டம்.

மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழமை, சாயங்காலம். மதுரையும் சுத்துப்பட்டு ஊர்களும் ரெண்டா பிரிஞ்சு கெடந்த காலத்தைப் பாத்தவுக வந்து பேசணும். சாதிக் கலவரமோ மதக் கலவரமோ, எதுன்னாலும் சரி. கேள்விப்பட்ட கதை வேணாம், பேப்பர்ல படிச்சது வேணாம், தான் பாத்ததை மட்டும் சொல்லணும். அதை வீடியோ எடுத்து யூட்டியூப்ல போடணும். அம்புட்டுதான்.

எடம் குடுத்தது அவனோட தாய்மாமன் பேயாண்டி. சின்னதா ஒரு கல்யாண மண்டபம் வச்சிருக்காரு. முகூர்த்தம் இல்லாத நாள்ல சாப்பாட்டு ஹாலை அப்படியே தொறந்து விட்டுட்டாரு. அப்பா இல்லாத பையன், வளத்ததே மாமாதான். ஆனா ஒரு கண்டிசன் போட்டாரு.

"மண்டபம் ஒனக்கு ஃப்ரீ மாப்ள. பேசுறவுகளுக்குப் பொன்னாடை நான்தான் போத்துவேன்."

"போத்துங்க மாமா, உங்களை விட்டா வேற யாரு?"ன்னு இவனும் குஷியா தலையாட்டிட்டான். காதுகுத்துக்கே ரோடு முழுக்க பிளெக்ஸ் வைக்கிற ஊரு. மேடைன்னு ஒண்ணு போட்டா பொன்னாடை இல்லாம முடியுமா? எவன் போத்துறான், எவனுக்குப் போத்துறான்னு யோசிக்கவே இல்ல. மேடையில பொன்னாடை, பேனர்ல மாமா போட்டோ, எல்லாம் கரெக்டா இருக்குன்னுதான் நெனச்சான்.

வீடியோ எடுக்கிறது முனீஸ்வரி. இவன்கூட காலேஜ்ல படிச்சவ. இவன் பேசுவான், அவ வேலை செய்வா, அப்படி ஒரு செட்டு. மூணாவது கூட்டத்துக்கு அவளோட அம்மா ராமக்காளைப் பேசச் சொல்லலாம்னு பாண்டிக்குத்தான் தோணுச்சு. ராமக்காள் டெய்லர். வீட்லயே மெசின் போட்டு பிளவுஸ் தைக்கிறாக. கேட்டதும் கையெடுத்துக் கும்புட்டாக.

"ஆள விடுப்பா சாமி. நான் பேசி என்ன ஆகப் போகுது? அங்க எவனாச்சும் ஒரு மாதிரி பாப்பான். இந்த வயசுல அது எனக்கெதுக்கு?"

"எவன் பாப்பான்? ஒரு பய பாக்க மாட்டான்மா. அப்படி எதுவும் நடந்துச்சுன்னா மொத ஆளா நான் கேப்பேன், அது மாமாவா இருந்தாலும் சரி."

முனீஸ்வரி சிரிச்சா. "இந்த டயலாக்கையும் வீடியோ எடுத்து வைக்கவாடா?"

"எடுத்துக்கோ"ன்னான் பாண்டி. அம்புட்டு தைரியம்.

கூட்டத்தன்னைக்கு மொதல்ல பேசுனது முகைதீன் பிச்சை பாய். பழைய டவுன்ல பாத்திரக்கடை. கடைத்தெரு பூரா ஷட்டர் எறங்கிக் கெடந்த ஒரு வாரத்தைப் பத்திப் பேசுனாரு. பக்கத்துக் கடைக்காரரு தன் சாவிக்கொத்தை இவருகிட்டக் குடுத்துட்டு, இவரு சாவிய வாங்கிட்டுப் போனாராம். "யாரு கடைய யாரு ஒடைச்சாலும் தொறந்து பாக்க ஒரு ஆளு இருக்கணும்ல தம்பி"ன்னாரு. சனம் சிரிச்சுச்சு. மாமா மேடையேறி பாய்க்குப் பொன்னாடை போத்தி, கட்டிப்பிடிச்சாரு. ஒரே கைதட்டு.

அடுத்து கனகலட்சுமி டீச்சர். கலவர நேரத்துல பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள்ளயே வச்சுப் பூட்டி, சாயங்காலம் ஒவ்வொண்ணா வீடு கொண்டு போய்ச் சேத்த கதை. மாமா அவுகளுக்கும் போத்துனாரு. தோள்ல விரிச்சுப் போட்டு, முந்தி சரியா விழுதான்னு இழுத்தும் விட்டாரு. "நம்ம அக்கா"ன்னு மைக்ல வேற சொன்னாரு.

மூணாவதா ராமக்காள். மைக்கைப் பிடிக்கத் தெரியாம தள்ளிப் பிடிச்சாக. குரல் சின்னதாத்தான் வந்துச்சு.

"எங்க ஊரு திருமங்கலம் போற ரோட்டுப் பக்கம். நான் சின்னப் பிள்ளையா இருக்கயில சாதிச் சண்டை வந்துருச்சு. எங்க தெருவுக்கும் அவுக தெருவுக்கும் நடுவுல கருவேல முள்ள வெட்டிப் போட்டு அடைச்சுட்டாக. பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். என் படிப்பு அத்தோட சரி. ஆனா நான் சொல்ல வந்தது முள்ளப் பத்தி இல்ல. சண்டைக்கு முன்னாடி திருவிழாவுக்குத் திருவிழா ஒரு வளையல்காரரு வருவாரு. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு கைய அமுக்கி, வெரலச் சேத்துப் பிடிச்சு, வலிக்காம ஏத்தி விடுவாரு. நாங்க எட்ட நின்னு பாப்போம். எங்க தெருவுக்கு வந்தா துண்ட விரிச்சு வளையலை அது மேல வச்சிருவாரு. 'நீங்களே போட்டுக்கங்கடா கண்ணுகளா'ம்பாரு. கண்ணாடி வளையலு. எங்களுக்கு ஏத்தத் தெரியாது. ஒடைஞ்சு கையக் கிழிச்சிரும். முள்ளு போட்டவுக கோவத்துல போட்டாக. அது எனக்கு ஆறிப்போச்சு. வளையல்காரரு கோவப்படவே இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் செஞ்சாரு. அதான் ஆறல."

மைக்கைக் கீழ வச்சுட்டாக. முன் வரிசையில மாமா கண்ணைத் தொடச்சுக்கிட்டு இருந்தாரு. பொய் இல்ல, நெசமாவே அழுதாரு. பாண்டிக்கு சந்தோசம், பாரு நம்ம கூட்டத்தைன்னு.

அந்த வேகத்துல மைக்கை எடுத்துக் கத்துனான். "அம்மாவுக்கு மாமா பொன்னாடை போத்துவாரு!"

மாமா மேடையேறுனாரு. பொன்னாடையப் பிரிச்சாரு. ராமக்காள் லேசாக் குனிஞ்சு நின்னாக. மாமா கை பாதி தூரம் வந்துச்சு. வந்து நின்னுச்சு. பிரிச்ச பொன்னாடைய ஒரு மடி மடிச்சாரு, இன்னொரு மடி மடிச்சாரு. அப்புறம் ரெண்டு வெரலால அதோட ஓரத்தைப் பிடிச்சு, "வாங்கிக்கங்கம்மா"ன்னு நீட்டுனாரு. மூஞ்சியில நல்ல சிரிப்பு.

ராமக்காளுக்குக் குனிஞ்ச தலையத் தூக்கக் கொஞ்சம் நேரமாச்சு. கைய நீட்டி வாங்கிக்கிட்டாக.

பாண்டி பக்கத்துலதான் நிக்கிறான். மைக் அவன் கையிலதான் இருக்கு. பாத்துட்டான். போனைப் பிடிச்சுக்கிட்டு எதுக்க நிக்கிற முனீஸ்வரியும் பாத்துட்டா. அவ ஸ்கிரீனப் பாக்கல, இவனைத்தான் பாத்தா. இப்பச் சொல்லுடான்னு பாக்கிற பார்வை.

இவன் வாயில இருந்து என்ன வந்துச்சு தெரியுமா?

"பலமா ஒரு கைதட்டு குடுங்க! இன்னும் பலமா!"

சனமும் தட்டுச்சு.

மறுநாள் கடையில உக்காந்து வீடியோவ எடிட் பண்ணான். திரும்பத் திரும்ப அந்த எடத்தை ஓட்டிப் பாத்தான். மாமா மடிக்கிறது தெளிவாத் தெரியுது. அதை வெட்டிரலாமான்னு பாத்தான். வெட்டுனா அந்தம்மாவுக்கு மரியாதையே செய்யாத மாதிரி ஆகிரும். வச்சா மாமா மாட்டுவாரு. அப்பத்தான் ஒரு ஐடியா வந்துச்சு. டீச்சருக்குப் போத்துனதை வெட்டிட்டான். இப்பப் பாக்கிறவனுக்கு என்ன தோணும்? ஆம்பளைக்குப் போத்துனாரு, பொம்பளைக்குக் கையில குடுத்தாரு. எல்லா மேடையிலயும் நடக்கிறதுதானே. கச்சிதமா இருந்துச்சு. அம்புட்டு கச்சிதமா இருந்ததுலதான் அவனுக்கே தன்னைப் புடிக்கல. ஆனாலும் அப்லோடு பண்ணிட்டான்.

மத்தியானம் முனீஸ்வரி போன் பண்ணா.

"டீச்சருக்குப் போத்துனது எங்கடா?"

"லெங்த் ஜாஸ்தியாயிருச்சு முனீஸு."

"பாய்க்குப் போத்துனது இருக்கு. கட்டிப்பிடிச்சது கூட முழுசா இருக்கு."

இவன் முன்னால கெடந்த போனோட ஸ்க்ரூவத் திருகிக்கிட்டே இருந்தான்.

"நல்லா வெட்டுறடா. எங்க அம்மா துணி வெட்டுறதை விட நல்லா வெட்டுற"ன்னு சொல்லிட்டு வச்சுட்டா.

கடைக்கு லீவு சொல்லிட்டு மாமாகிட்ட ஓடுனான். மாமா மண்டபத்து வாசல்ல பந்தல்காரன்கூட பேசிக்கிட்டு இருந்தாரு. தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டான்.

"பொம்பளையாளுக்கு எப்படி மாப்ள நான் போத்துறது? தப்பா நெனைக்க மாட்டாகளா?"

"டீச்சருக்குப் போத்துனீகளே மாமா."

"அவுக நம்ம அக்கா மாதிரிடா."

சொல்லி முடிச்சதும் மாமாவுக்கே அது காதுல விழுந்துருச்சு போல. தலையச் சொறிஞ்சாரு.

"நான் வேணும்னு செய்யல மாப்ள. போத்தணும்னுதான் போனேன். அவுக பேச்சைக் கேட்டு நான் அழுதேன்டா, நீயே பாத்தேல்ல? பக்கத்துல போனதும் கை வரல. ஏன் வரலன்னு எனக்கே தெரியல."

"அதை அவுககிட்ட வந்து சொல்லுங்க மாமா. வாங்க, இப்பவே போவோம்."

மாமா மூஞ்சி மாறிருச்சு. "அந்தத் தெருவுக்கு வந்து, எல்லாரும் பாக்க மன்னிப்பு கேக்கணுமா நானு? ஒன்னைய இதுக்காடா வளத்தேன்? அந்த முழு வீடியோ மட்டும் வெளிய வந்துச்சு, ஒங்க ஆத்தா மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன். பாத்துக்க."

இவன் ஒத்தையிலதான் போனான். முனீஸ்வரி வீட்டுக்கு இவன் போறது புதுசு இல்ல. அங்க கறிச்சோறு தின்னுருக்கான், பரீட்சைக்குப் படிக்கிறேன்னு படுத்துத் தூங்கியிருக்கான். வண்டியில போகயில வேற ஒண்ணு மண்டையில ஓடுச்சு. இத்தன வருசத்துல அவ இவன் வீட்டுக்குள்ள வந்ததே இல்ல. இவன்தான் தெருமுக்குல நிக்கச் சொல்லி போன் போடுவான். "வண்டி வளைக்க எடமில்ல முனீஸு, அங்கயே நில்லு"ம்பான். தெருவுல கார் வளையுது, வேன் வளையுது. இவன் ஸ்கூட்டிக்குத்தான் எடமில்ல. அந்தப் பொய்யை அவ எப்பக் கண்டுபிடிச்சாளோ! மொத நாளே கண்டுபிடிச்சிருப்பா.

ராமக்காள் மெசின்ல இருந்தாக. எந்திரிச்சு காபி போட்டுக் கொண்டாந்து குடுத்தாக, எப்பவும் போல. அதுதான் இவனால தாங்க முடியல. ரெண்டு வசவு வஞ்சா கூட நிம்மதியா இருந்துருக்கும்.

"மாமா வேணும்னு செய்யலம்மா. கை வரலன்னு சொல்றாரு."

"இருக்கும்ப்பா"ன்னாக ராமக்காள். "வளையல்காரருக்கும் வந்திருக்காது. நான் ஒங்க மாமாவப் பத்தி ஒண்ணும் நெனைக்கல. நீ கைதட்டச் சொன்ன பாரு, அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

இவன் காபி டம்ளரையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"ஒண்ணு சொல்றேன் கேளு. தான் பாத்ததைச் சொல்லணும்னுதான கூப்புட்ட? சின்ன வயசுல பாத்ததைச் சொன்னேன். அன்னைக்கு மேடையில பாத்ததும் நான் பாத்ததுதான். போட்டா ரெண்டையும் சேத்து முழுசாப் போடு. டீச்சருக்குப் போத்துனதுல இருந்து போடு. இல்லையா, என்னைய எடுத்துரு. பாதிய மட்டும் வச்சுக்காத."

"யோசிச்சு சொல்றேம்மா."

"யோசிக்க என்னடா இருக்கு?"ன்னு உள்ள இருந்து முனீஸ்வரி கேட்டா. வெளிய வரல.

வெளிய வந்து வண்டிய எடுக்காம நின்னான். போன்ல முழு வீடியோவும் இருக்கு. தட்டுனா ஏறிரும். மாமா ஞாபகம் வந்துச்சு. அம்மா ஞாபகம் வந்துச்சு. மண்டபம் போயிரும், கூட்டம் போயிரும், சொந்தக்காரன் பூரா வாட்ஸ்அப்ல கிழிப்பான். முழு வீடியோவ முனீஸ்வரிக்கு அனுப்பிச்சான். அவ போட்டா போடட்டும், நான் போடலன்னு சொல்லிக்கலாம்ல. பதில் ஒடனே வந்துச்சு.

"எனக்கெதுக்கு அனுப்புற? நான்தான் எடுத்தேன்."

ராமக்காள் பேசுன அந்தக் கூட்டத்து வீடியோவையே யூட்டியூப்ல இருந்து தூக்கிட்டான். அந்த வளையல் கதைக்குக் கீழ அதுக்குள்ளயே எவ்வளவோ பேரு எழுதியிருந்தாக. எங்க ஊர்லயும் இப்படித்தான்னு ஒருத்தி, எங்க அம்மா கையில இன்னும் தழும்பு இருக்குன்னு ஒருத்தன். எல்லாம் அத்தோட போச்சு.

அடுத்த மாசமும் கூட்டம் நடந்துச்சு. முனீஸ்வரி வரல. இவனே போனை ஒரு சேர்ல சாச்சு வச்சு எடுத்தான். முகைதீன் பிச்சை பாய் கேக்க வந்திருந்தாரு. உக்காந்ததும் சுத்தி முத்திப் பாத்தாரு.

"அந்த வளையல் சொன்ன அம்மா வரலையா தம்பி? வீடியோவையும் காணமே."

"டெக்னிக்கல் பிரச்சனை பாய். அவுகளுக்கும் ஒடம்பு சொகமில்ல."

"அப்படியா? நேத்து என் கடைக்கு வந்து குக்கர் பாத்தாகளே. நல்லாத்தான் இருந்தாக."

இவன் பொய்யாச் சிரிச்சுக்கிட்டே மைக் வயரை நோண்டுனான். பாய் அதுக்கு மேல கேக்கல. தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு மேடையப் பாத்து உக்காந்துக்கிட்டாரு.

பேயாண்டி மாமா புது வேட்டியில வந்தாரு, கைமேல பொன்னாடைகளை அடுக்கிக்கிட்டு. கிட்ட வந்து குரலைத் தணிச்சுக் கேட்டாரு.

"இன்னைக்கு பேசுறவுகள்ல லேடீஸ் யாரும் இல்லையே மாப்ள?"

"இல்ல மாமா."

"நல்லதாப் போச்சு"ன்னு மாமா தோள்ல தட்டிட்டு மேடைக்குப் போனாரு.

தானா அமைஞ்சதுன்னு நெனச்சிருப்பாரு மாமா. பேச வாரோம்னு கேட்டு ரெண்டு பொம்பளையாளுக போன் பண்ணியிருந்தாக. எடம் இல்லன்னு இவன்தான் சொல்லிட்டான்.