தண்ணீர் ஊற்றி வைத்த பெயர்

கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி அன்று மத்தியானமாகியும் கலையவில்லை. கோயில் மணிக்கூண்டு தெரியவில்லை. எங்கள் பாலைவெளியின் கற்றாழைகள் தலையை மட்டும் காட்டி மிதந்துகொண்டிருந்தன. எங்கள் லாம்பெர்த்தோ பாதிரியாரை ஊரைவிட்டுப் போகச் சொல்லி, எங்களைக் கடலுக்கு அப்பாலிருந்து ஆளும் ஸ்பெயின் ராஜாவின் உத்தரவு வந்திருந்தது. அதைக் கொண்டுவந்த சிப்பாய், கோயில் பதிவேடுகளைத் தோல்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவற்றைக் கப்பலேற்றி எங்கோ தூரத்துக்கு அனுப்பப்போகிறார்களாம்.

அப்போது பாசிலியா கோயிலுக்குள் வந்தாள். சில வருஷங்களுக்கு முன் அவளுடைய பெண்குழந்தை காய்ச்சலில் போய்விட்டது. செத்தவர்களின் பெயரை நாங்கள் சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், போகிற வழி தவறிவிடும். பெயரில்லாமல் ஒருவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால் அந்தக் குழந்தையைப் பற்றி யாருமே பேசியதில்லை, பெற்றவள்கூட.

“சாமி, அந்தப் புஸ்தகத்துல எம்புள்ள இருக்கால்ல? அவ பேரப் படிங்க.”

பின்னாலேயே ஓடிவந்த நாத்தனார் பிரிஸ்கா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். “மதினி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? புள்ள திரும்பிப் பாக்கும்.”

“நாம வச்ச பேரையா கேக்குறேன்? அது அவளோடயே போயிருச்சு. சாமி தண்ணி ஊத்தி ஒரு பேரு வச்சாரே, அதச் சொல்லி ஒருநாளாச்சும் கூப்பிட்டிருக்கோமா? அதுக்கு எப்படித் திரும்புவா?”

பாதிரியாருக்கு எங்கள் பாஷையும் தெரியும், எங்கள் பயமும் தெரியும். பெட்டியிலிருந்து ஞானஸ்நானப் பதிவேட்டை வெளியே எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார்.

“எஸ்கொலாஸ்திகா.”

“இன்னொருக்கா சொல்லுங்க.”

சொன்னார். பாசிலியா சொல்லிப் பார்த்தாள். “எஸ்... கொலா...” மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

சிப்பாய் சிரித்துவிட்டான். “எங்க ஊர்க்காரங்க வாயிலயே அது நுழையாது சாமி.”

பாசிலியாவும் சிரித்தாள். முழுதாக வரும்வரை விடவில்லை.

பிறகு பாதிரியார் கோவேறு கழுதையில் ஏறினார். ஊரே நின்று பார்த்தது. பனிக்குள் முதலில் கழுதையின் கால்கள் மறைந்தன, அப்புறம் பெட்டி, கடைசியில் அவர் தொப்பி. அந்தப் பதிவேடு எந்த ஊரில், எந்த அலமாரியில் தூங்குகிறதோ, எங்களுக்குத் தெரியாது.

மண்ணில் தோண்டிய சுடுகுழியில், நாங்கள் தின்னும் கற்றாழைக் குருத்து வெந்துகொண்டிருந்தது. பாசிலியா அதனருகே உட்கார்ந்து அந்தப் பெயரை மெல்லச் சொன்னாள். பிரிஸ்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. பனி மட்டும் அவர்களைச் சுற்றி மெதுவாக நகர்ந்தது.

பிரிஸ்கா கண்ணைத் திறந்து மதினி பக்கம் திரும்பினாள். “அந்த எஸ்கொலா... அவளுக்கு முடி சுருட்டைதானே மதினி?”

“ஒன்ன மாதிரியேதான். தொடவிட மாட்டா.”

“என்ன மாதிரின்னா கொழுப்பும் இருந்திருக்குமே.”

“இல்லாமயா? ஒன் வெரலக் கடிச்சுட்டு ஒன்னையே பாத்துச் சிரிப்பா.”

பிரிஸ்கா தன் கையை விரித்துப் பார்த்தாள். “இந்த வெரல்தான்,” என்றாள். நகர்ந்துவந்து மதினியை ஒட்டி உட்கார்ந்தாள்.

குழியிலிருந்து இனிப்பு வாசனை எழுந்தது. குருத்து வெந்துவிட்டது என்று இருவருக்கும் தெரியும். எடுக்க யாரும் எழவில்லை. பேசிக்கொண்டே இருந்தார்கள்.