ஹெவினுக்குக் கொடுத்த இடம்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் என் தம்பி இத்வால் சண்டைக்குத் தயாராகிவிடுவான். பிரிட்டனில், வேல்ஸ் பகுதியிலிருக்கும் எங்கள் வீட்டுக்கு, ஜெர்மனியிலிருந்து அவன் மகள் லவ்ரி கணினித் திரையில் வருவாள். பக்கத்தில் மருமகன் ஹென்னிங். எந்த நாட்டு வைத்தியம் உசத்தி என்று மாமனுக்கும் மருமகனுக்கும் ஓயாத தகராறு. இத்தனைக்கும், இதய வால்வு சுருங்கி, மாடிப்படி ஏற முடியாமல், ஒன்றரை வருடமாக ஆபரேஷனுக்குக் காத்திருந்தவன் இத்வால்.

"இங்க வந்துடுங்க மாமா. நாங்க சம்பளத்துல பிடிச்சு காப்பீட்டுல போடறோம். அரசாங்கம் மேல நின்னு மேற்பார்வை பார்க்குது, அவ்வளவுதான். இந்நேரம் நீங்க மலை ஏறிக்கிட்டிருப்பீங்க."

"எங்க வேல்ஸ்ல அரசாங்கமே எல்லாருக்கும் பார்க்குது மாப்பிள்ளை. ஆஸ்பத்திரிக் கதவைத் தாண்டினா, நீ யாரு, கையில என்ன வச்சிருக்கன்னு ஒருத்தன் கேக்க மாட்டான்."

"தாண்டினாத்தானே மாமா? நீங்க இன்னும் வாசல்லயே நிக்கிறீங்களே."

நான் சிரித்துவிட்டேன். இத்வால் என்னை முறைத்தான். எஃகு ஆலைத் தொழிற்சங்கத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன் அவன். வரிசையைத் தாண்டுவதும் அடுத்தவன் தட்டில் கை வைப்பதும் அவனுக்கு ஒன்றுதான். மகளிடம் போய்ச் செய்துகொள்ளடா என்று நான் கெஞ்சாத நாளில்லை.

மார்ச் மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது. யாரோ ஒரு நோயாளி வரமுடியாமல் போனதால் வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு ஓர் இடம் இருக்கிறதாம். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவதற்குள் இவன் பேசிக்கொண்டிருந்தான்.

"எங்க தெருக் கோடியில ஹெவின்னு ஒரு பையன். அவனுக்கும் இதே வியாதிதான். ரெண்டு சின்னப் பிள்ளைங்க. என் இடத்தை அவனுக்குக் குடுங்கம்மா. நான் கிழவன், பொறுத்துக்குவேன்."

"என்னடா காரியம் பண்ணிட்ட?" என்றேன்.

"அவன் செத்தா அந்தப் பிள்ளைங்களுக்கு யாரு இருக்கா, அக்கா?"

"நீ செத்தா எனக்கு யாருடா?"

விசிலடித்துக்கொண்டே தேநீர் போடப் போனான். வாய் ஓயத் திட்டினேன். ஆனாலும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு மருமகனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டான். "உங்க காப்பீட்டுல ஒருத்தன் தன் இடத்தை இப்படித் தூக்கிக் குடுக்க முடியுமா மாப்பிள்ளை? இது எல்லாருக்கும் சொந்தம். அதான் குடுக்க முடியுது." ஹெவின் வீட்டுத் திரைச்சீலைகள் சில நாட்களாக மூடியே கிடந்தன. ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று ஜன்னலருகே நின்று இத்வால் சந்தோஷப்பட்டுக்கொண்டான்.

அடுத்த வாரம் ஹெவினே வந்தான். எங்கள் தெரு மேட்டில் இரண்டு இடத்தில் சுவரைப் பிடித்து நின்றுவிட்டு வந்தவனுக்கு உதடு நீலம் பாய்ந்திருந்தது. குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போயிருந்தானாம்.

"உங்களுக்காவது கூப்பிட்டாங்களா, இத்வால் அண்ணே? எனக்கு இன்னும் ஒரு ஃபோன்கூட வரல."

இத்வால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். பேசிய பெண் பாவம், நல்லவள்தான். நாம் கைகாட்டுகிற ஆளுக்கு இடம் கொடுக்க வழியில்லையாம். வரிசைப்படி அடுத்தவர்களைக் கூப்பிட்டும் அவ்வளவு அவசரத்தில் யாராலும் வரமுடியவில்லையாம். அந்த வியாழக்கிழமை டாக்டர் இருந்தார், நர்சுகள் இருந்தார்கள், ஆபரேஷன் மேசை காலியாகக் கிடந்தது.

"வந்த தேதியை வேணாம்னு சொன்னதால உங்க தம்பி பேரு கடைசிக்குப் போயிடுச்சும்மா. ரூல் அப்படி."

"கடைசின்னா எப்போ வரும்?"

"சொல்லத் தெரியலம்மா. மன்னிச்சுக்குங்க."

யாரைத் திட்டுவது? என் தம்பி நல்லவன், இந்தப் பெண் நல்லவள், சும்மா இருந்த அந்த டாக்டரும் நல்லவராகத்தான் இருப்பார். இத்தனை நல்லவர்கள் சேர்ந்து ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றவில்லையே.

அதோடு இத்வால் படுத்துவிட்டான். ஜெர்மனிக்கே போய்விடலாம் என்று பார்த்தால், இந்த நிலையில் விமானம் ஏற்றக் கூடாது என்று எங்கள் டாக்டர் சொல்லிவிட்டார். மாடியிலிருந்த படுக்கையைக் கூடத்துக்கு இறக்கினோம்.

ஞாயிறு வந்தது. மருமகன் இந்த முறை கேலி செய்யவில்லை.

"அத்தை, அந்தப் பையனுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதா?"

நான் திரும்பிப் பார்த்தேன். இத்வால் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினான்.

"நல்லா இருக்கான்னு சொல்லுக்கா."

"நல்லா இருக்கான் மாப்பிள்ளை," என்றேன்.