டிப்போவில் சர்க்கரைப் பரிசோதனை

இலவச சர்க்கரைப் பரிசோதனை என்று பஸ் டிப்போ சுவர் முழுக்க டாக்டர் போஸ்டர் ஒட்டியும், ஒரு டிரைவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. "எல்லாம் அறியாமை" என்று அலுத்துக்கொண்டவர், சமூகவியல் படித்த தங்கையைத் துணைக்கு அழைத்து வந்தார்.

தங்கை நேராக கேண்டீனுக்குப் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டாள். சர்க்கரை இருப்பது தெரிந்துபோன ஒரு டிரைவருக்கு 'பாகு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் டீ கேட்டால் கேலி, தூரத்து ரூட் கேட்டால், "உனக்கெதுக்குப்பா? ஒடம்பு தாங்காது" என்ற கரிசனம்.

"அண்ணா, இவங்க பயம் நோய்க்கில்ல, முத்திரைக்கு. நோயாளின்னு ஒருதடவ குத்திட்டா, அப்புறம் அவரை யாரும் டிரைவரா பாக்கறதில்ல. இதுக்குன்னே தியரி இருக்கு."

"தியரிய வெச்சு ரத்தம் எடுக்க முடியுமா?"

"எல்லாரும் மதிக்கிற ஆள் முதல்ல வரட்டும். மத்தவங்க தானா வருவாங்க."

அந்த ஆள் சங்கத் தலைவர். குரல்வளத்தால் 'ஏர்ஹாரன்' என்று பெயர் பெற்றவர். கூட்டம் வேடிக்கை பார்க்க, நெஞ்சை நிமிர்த்தி வந்து உட்கார்ந்தார். ஊசியைப் பார்த்தார். குத்துவதற்கு முன்பே நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

தன் திட்டம் கவிழ்ந்தது என்றே தங்கை நினைத்தாள். ஆனால் வெளியே சிரிப்பு அடங்குவதற்குள், "தள்ளுப்பா, நான் கண்ணக்கூட மூடாம குத்திக்கிறேன்" என்று ஒருவர் முண்டியடித்தார். "நான் மட்டும் என்ன இளைச்சவனா?" என்று இன்னொருவர். வரிசை வாசலைத் தாண்டியது.

"இது எந்த தியரிடி?"

"ஆம்பள வீம்புண்ணா. அதுக்கும் ஒண்ணு இருக்கு."

தெளிந்து எழுந்த தலைவர், சுவரைப் பார்த்தபடி விரலை நீட்டினார். சர்க்கரை இருந்தது. "எனக்கும் இருக்குய்யா! எவனாவது பேர் வைங்க பாப்போம்!" என்றார். அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பினார்.

"சார், நீங்க எப்ப பாத்தீங்க?"

"எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்றார் டாக்டர். கூட்டம் விடவில்லை. குத்திப் பார்த்தால், அவருக்குத் தலைவரைவிட அதிகம்.

டாக்டர் தங்கையை ஓரமாக இழுத்தார். "அண்ணிகிட்ட மூச்சு விடாத."

"அதெல்லாம் முடியாது, வாங்க வீட்டுக்கு."

வீட்டில் டாக்டர் மென்று விழுங்கி விஷயத்தைச் சொல்லி முடித்தார். அண்ணி கைக்காரியத்தை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள்.

"இதுக்கா மூஞ்சிய இப்படி வெச்சிருக்கீங்க? நான் மாத்திரை போட ஆரம்பிச்சு எவ்ளோ நாளாச்சு!"

"என்கிட்ட ஏன் சொல்லல?" டாக்டரின் குரல் கீச்சிட்டது.

"சொன்னா தினம் லெக்சர் குடுப்பீங்களே, அதான்."