புகார் ஏதும் உண்டா?

ஜெமைமா பக் ஒரு பொய்யைச் சொல்லித்தான் கப்பல் ஏறினாள். அந்தப் பொய்யைத் தன் நாலு வயது மகளுக்கும் சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அவளைக் குறை சொல்கிறவர்கள் முதலில் லண்டனில் பெத்னல் கிரீன் சந்தில், ஒரு மாடி அறையில், ஒரு குளிர்காலம் இருந்து பார்க்கட்டும். கடைக்காரர்களுக்குச் சட்டை தைத்துப் பிழைத்தவள் அவள். கூலியில் பாதி மெழுகுவத்திக்கும் நூலுக்குமே போய்விடும். அந்தச் சமயத்தில்தான் லண்டன் பெரிய மனிதர்களுக்குத் தையல்காரிகள் மேல் திடீரென்று இரக்கம் பொத்துக்கொண்டு வந்தது. இங்கே பெண்கள் மிஞ்சிக் கிடக்கிறார்கள், ஆஸ்திரேலியாவில் பெண்ணே அகப்படவில்லை, இவர்களை அள்ளி அங்கே அனுப்பிவிட்டால் இரண்டு இடத்துக்கும் நல்லது என்று ஒரு சங்கம் வைத்தார்கள். சங்கத்து அம்மாமார் விதித்த நிபந்தனை ஒன்றும் பெரிதில்லை. கல்யாணமாகாதவளாக இருக்க வேண்டும், நல்ல நடத்தை வேண்டும், பின்னால் எந்தத் தொங்கலும் இருக்கக் கூடாது.

ஜெமைமாவின் தொங்கலுக்கு லெட்டி என்று பெயர். லெட்டியின் அப்பனைப் பற்றி ஜெமைமா யாரிடமும் வாய் திறந்ததில்லை. நான் மட்டும் எதற்கு அவனை இழுக்க வேண்டும்?

கீழ் அறையில் சைலஸ் டர்ப்பினும் அவன் மனைவி லிடியாவும் இருந்தார்கள். இருவரும் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். பெற்ற இரண்டு பிள்ளைகளையும் தொட்டிலிலேயே பறிகொடுத்தவர்கள். அவர்களும் அதே கப்பலில் ஆஸ்திரேலியாவிலுள்ள அடிலெய்டுக்குப் போக மனுப் போட்டிருந்தார்கள். குடும்பங்களுக்குப் பயணம் இலவசம்தான். ஆனால் ஆளுக்கு ஆறு சட்டை, கம்பளி உள்ளாடை, மாற்றுப் பாவாடை என்று பெட்டி நிறையத் துணி காட்டினால்தான் கப்பலில் கால் வைக்க விடுவார்கள். டர்ப்பின் வீட்டில் ஆளுக்கு ஒரு சட்டைதான் இருந்தது, அதுவும் உடம்பின் மேல். தேவாலயத்தில் துணி தர்மம் கொடுத்தார்கள். தைப்பது யார்? லிடியாவின் கை மண் பிசைந்து காய்த்த கை, ஊசி அதில் நிற்காது.

ஜெமைமா தைத்துக்கொடுத்தாள். பதிலுக்கு லெட்டியைத் தங்கள் பிள்ளை என்று எழுதிக்கொடுத்து டர்ப்பின் குடும்பம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கரையில் இறங்கியதும் திருப்பித் தந்துவிட வேண்டும். இதுதான் பேச்சு. இரண்டு பக்கமும் நாணயமாகத்தான் பேசினார்கள்.

மாலைதோறும் தைத்துக்கொண்டே பிள்ளைக்குப் பாடம் நடந்தது. "உன் அம்மா யாருடி?" என்று ஜெமைமா கேட்டாள். முதல் நாள் லெட்டி கெக்கலித்துச் சிரித்து அவள் முழங்காலைத் தொட்டாள். ஜெமைமா கையைத் தட்டிவிட்டாள். லிடியா என்று சொன்ன நாளில் நாக்கில் ஒரு சிட்டிகை சர்க்கரை வைத்தாள். கடைசிச் சட்டைக்குப் பொத்தான் வைப்பதற்குள் பிள்ளை, தூக்கத்தில் கேட்டாலும் லிடியா என்றே சொன்னது. ஜெமைமாவுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்குச் சர்க்கரை வைக்க மட்டும் கை வரவில்லை.

கப்பலில் கல்யாணமாகாத பெண்களுக்குப் பின்பக்க மேல்தளம், குடும்பங்களுக்கு நடுத்தளம், இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. கயிற்றைத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதைக் காவல் காக்க மிஸ்ஸஸ் கிரிம்ஷா என்ற மேற்பார்வை அம்மாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொழுது வீணாகக் கூடாதே என்று சங்கம் கட்டுக்கட்டாகத் துணி அனுப்பியிருந்தது. என்ன தைக்க? சட்டைதான். எதை விட்டு ஓடினார்களோ அது டிக்கெட் வாங்கிக்கொண்டு கூடவே வந்திருந்தது. சூக்கி டாப்ஸ் என்ற வாயாடித் தோழி, கடலில் குதித்தால் மீனும் சட்டைக்கு அளவு கொடுக்கும் என்றாள்.

ஜெமைமா கயிற்றோரமாக உட்கார்ந்து தைத்தாள். அங்கிருந்து லெட்டியின் தலை தெரியும். முதல் சில வாரம் பிள்ளை அண்ணாந்து பார்த்துக் கள்ளச் சிரிப்புச் சிரித்தது, ஒரு விளையாட்டு ரகசியத்தைக் காப்பாற்றுகிற பெருமையோடு. அந்தச் சிரிப்பு ஒன்றே ஜெமைமாவுக்கு அன்றைய நாளுக்குப் போதுமானதாக இருந்தது.

வெயில் கொளுத்தும் கடலுக்கு வந்தபோது நடுத்தளத்துப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டது. லெட்டியும் படுத்துவிட்டாள் என்று தண்ணீர் கொண்டுவந்த மாலுமி சொன்னான். ஜெமைமா தைத்த துணியை அப்படியே போட்டுவிட்டு கப்பல் டாக்டர் வெய்னிடம் ஓடினாள். கீழே போய் ஒரே ஒரு முறை பார்த்துவிட்டு வர விட வேண்டும் என்று கெஞ்சினாள்.

"அந்தப் பொண்ணு உனக்கு என்ன வேணும்?" என்றார் டாக்டர்.

ஜெமைமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஐயா."

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கா இவ்வளவு அழுகை? போ, போய் வேலையைப் பாரு."

அவள் போனாள். அதைவிட அவளைக் கொன்றிருக்கலாம். இரண்டு வாரம் அவள் தைத்த எந்தத் தையலும் நேராக ஓடவில்லை. கீழே லிடியா பிள்ளையை மடியை விட்டு இறக்காமல் உட்கார்ந்திருந்தாள், தன் பங்குத் தண்ணீரையும் அதன் நெற்றிக்கே ஊற்றினாள். அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். லெட்டியைப் பிழைக்க வைத்தது லிடியாதான்.

பிள்ளை எழுந்து தளத்துக்கு வந்தபோது பாதி உடம்பாக இருந்தது. ஜெமைமா சட்டத்தை மறந்து, "லெட்டி!" என்று கூப்பிட்டாள். லெட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு லிடியாவின் பாவாடையில் முகத்தை மூடிக்கொண்டது. கள்ளச் சிரிப்பு இல்லை. விளையாட்டு முடிந்து நாளாகிவிட்டது அதற்கு. அந்தப் பாவாடையும் ஜெமைமா தைத்ததுதான்.

கரை தெரிந்த நாள் எல்லாரும் ஆரவாரத்தில் இருக்க, லிடியா கயிற்றருகே வந்து நின்றாள். முகம் பார்க்காமல் பேசினாள்.

"ஜெம்மா, பிள்ளையை எங்ககிட்டயே விட்டுடு. சைலஸுக்கு சூளையில வேலை நிச்சயம். உன்னை எவளோ ஒருத்தி வீட்டு வேலைக்குக் கூட்டிட்டுப் போவா. பிள்ளையை எங்க வெச்சுப்பே?"

"அது என் பாடு. பேசினபடி கொடுத்துடு, அக்கா."

"காய்ச்சல்ல அவ யாரைக் கூப்பிட்டா தெரியுமா? என்னைத்தான் கூப்பிட்டா."

"நான் சொல்லிக்கொடுத்த பேரைக் கூப்பிட்டா."

லிடியா கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பேப்பர்ல அவ எங்க பிள்ளை. நான் மோசக்காரி இல்ல ஜெம்மா. ஆனா கையை விட்டு இறக்க முடியல எனக்கு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஜெமைமாவுக்கு அவள் மேல் ஆத்திரம் பொங்கியது. இரக்கமும் வந்து தொலைத்தது, அதுதான் பொறுக்கவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் அதிகாரி ஒருவர் படகில் வந்து ஏறினார். அவர் பின்னாலேயே வேலைக்கு ஆள் பிடிக்க ஊர்ச் சீமாட்டிகளும் வந்தார்கள். எல்லாரையும் தளத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். பட்டுக் குடை பிடித்த மிஸ்ஸஸ் பாஸ்கோ என்ற அம்மாள் ஜெமைமாவின் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, நல்ல தையல் கை, தனி அறை தருகிறேன் என்றாள். சூக்கி பின்னாலிருந்து, அடிச்சுது யோகம் என்று கிசுகிசுத்தாள்.

கடைசியாக அதிகாரி, வந்திறங்கும் எல்லாக் கப்பலிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். பயணத்தில் யாருக்காவது புகார் ஏதும் உண்டா? கேட்டுக்கொண்டே தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. சொன்னவளை யார் வேலைக்கு எடுப்பார்கள்?

"எனக்கு உண்டு, ஐயா," என்றாள் ஜெமைமா.

தளம் மொத்தமும் திரும்பியது. அவள் கயிற்றைத் தூக்கி அதன் அடியில் குனிந்து நடுத்தளத்துக்கு வந்தாள். மிஸ்ஸஸ் கிரிம்ஷா அதட்டியது அவள் காதில் ஏறவில்லை.

"அந்தப் பொண்ணு லெட்டி. என் பொண்ணு. நான் பெத்தவ. கொடுக்க மாட்டேங்கறாங்க."

டாக்டர் வெய்ன் அவள் காதருகே குனிந்து, யோசித்துப் பேசு, இதோடு உன் நற்சான்று போச்சு என்று எச்சரித்தார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அதிகாரி சலித்துக்கொண்டு லிடியாவின் இடுப்பிலிருந்த பிள்ளையிடம் போனார்.

"உன் அம்மா யாரு பாப்பா?"

லெட்டி ஜெமைமாவை நேராகப் பார்த்தது. பிறகு லிடியாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "லிடியா," என்றது. அழுத்தம் திருத்தமாக, ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்.

சீமாட்டிகள் சிரித்தார்கள். தையல்காரிகள் என்றாலே இப்படித்தான் என்று மிஸ்ஸஸ் கிரிம்ஷா ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். மிஸ்ஸஸ் பாஸ்கோ குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். ஜெமைமா இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"நல்லாத்தான் படிச்சிருக்கா. நான்தான் சொல்லிக்கொடுத்தேன்," என்றாள். "பெத்தவளுக்கு இடமில்லைன்னு உங்க சங்கம் சொல்லிச்சு. அதான் பொய் சொன்னேன், அவளையும் சொல்ல வெச்சேன். வெக்கப்படணும்னா அவங்க வெக்கப்படட்டும். எனக்கு வெக்கமில்ல." பிறகு லிடியாவின் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியது. "அக்கா, நீ போட்டிருக்கறது, உன் வீட்டுக்காரர் போட்டிருக்கறது, பெட்டியில இருக்கறது எல்லாம் நான் தெச்சது. எல்லாத்தையும் நீயே வெச்சுக்கோ. அவளை உசுரோட காப்பாத்தினே, சாகறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா பெத்தது நான்னு இவங்க முன்னாடி நீ சொல்லு. இல்ல, நீ பெத்தேன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. நான் இறங்கிப் போயிடறேன்."

லிடியா வாயைத் திறந்தாள். சைலஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பிள்ளையை இறுக்கினாள், அதன் தலைமுடியை முகர்ந்தாள். பிறகு கட்டியிருந்த அந்தச் சின்னக் கைகளை ஒவ்வொன்றாகத் தன் கழுத்திலிருந்து பிரித்தாள்.

"ரொட்டியோட ஓரத்தைத் தின்ன மாட்டா," என்றாள் ஜெமைமாவிடம். "டீயில ஊறவெச்சுக் கொடு."

ஜெமைமாவுக்கு அது தெரியாது. லண்டனில் லெட்டி ஓரத்தைத்தான் முதலில் கடிப்பாள். சரி என்று தலையை ஆட்டினாள்.

அதிகாரி தொண்டையைக் கனைத்தார். பொய் சொல்லி வந்தவளுக்கு நற்சான்று கிடையாது, பெண்கள் விடுதியில் பிள்ளைக்கு இடம் கிடையாது, இந்த அம்மாள் தந்த வேலையும் இனி கிடையாது, எங்கே போய் நிற்பாய் என்று கேட்டார்.

"ஏன் ஐயா, இது சட்டை போடாத ஊரா?" என்றாள் ஜெமைமா.

வரிசையிலிருந்து சூக்கிதான் முதலில் சிரித்தாள். பிறகு தையல்காரிகள் எல்லாரும் சிரித்தார்கள். மிஸ்ஸஸ் பாஸ்கோ இப்போது சூக்கியின் விரலைப் பிடிக்க வந்தாள். சூக்கி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இவளைக் கூட்டிக்கொள்ளாத வீட்டுக்கு நானும் வருவதாக இல்லை அம்மா என்று மிக மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஜெமைமாவின் மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.

லெட்டியைத் தூக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அது திமிறியது, கத்தியது, ஜெமைமாவின் தோளைப் பல் பதியக் கடித்தது. கயிற்றேணியில் இறங்கும்போதும் படகில் உட்கார்ந்தபோதும் அவள் பிடியைத் தளர்த்தவில்லை. மேலே தளத்து விளிம்பில் லிடியா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஜெமைமா ஒருமுறைதான் அண்ணாந்து பார்த்தாள். பிறகு முகத்தைக் கரைப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

துடுப்புப் போட ஆரம்பித்தார்கள். பிள்ளை இரண்டு முஷ்டியாலும் அவள் மார்பில் குத்தியது.

"நீ கெட்டவ! விடு! அம்மாகிட்ட சொல்லிடுவேன்!"

ஜெமைமா அதன் மூக்கைத் தன் சட்டைக் கையால் துடைத்தாள்.

"சொல்லுடி கண்ணு," என்றாள். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."