புலி மூலையில் ஐம்பத்தேழு கிண்ணம்

இரவெல்லாம் இறங்கிய பனி இன்னும் மரக்கிளைகளிற் சொட்டிக்கொண்டிருக்க, யாங்கோன் மாநகரத்தின் துருவேறிய தகரக் கூரைகள் உறக்கம் கலையாத கூலியாளரின் முதுகுகளைப்போல வளைந்து மங்கிக் கிடக்க, அவற்றுக்கெல்லாம் மேலே சிங்குத்தர மேட்டில் நிமிர்ந்து நின்ற சுவேடகோன் பொன்தூபியின் முடியை மட்டும் பங்குனிக் கதிரவன் முதற்கண் தொட்டான். தொட்ட ஒளி மெல்ல மெல்லக் கீழிறங்கி, கவிழ்த்து வைத்த மணிபோன்ற அதன் வயிற்றில் வழிந்து, அடியைச் சூழ்ந்த சிறு தூபிகளின் தலைகளில் ஒவ்வொன்றாய்த் தாவி, வெண்பளிங்கு முற்றத்தை எட்டியபொழுது, தோளோடு தோள் ஒட்டி வரிசை கட்டித் துடைப்பத்தால் பெருக்கிச் சென்ற தொண்டரின் நிழல்கள் ஒரே நீண்ட நிழலாகி அவர்களுக்கு முன்னே நடந்தன. ஊதுவத்திப் புகையும் மல்லிகை மணமும் எண்ணெயிற் பொரியும் பலகார மணமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு நான்கு வாயில்களின் படிவழியே நகருக்குள் இறங்கின. நயமறிந்து படிப்போரே, அந்தப் பொன்னை அண்ணாந்து பார்ப்பவர் பலர். அதன் அடியில் நிற்கும் கால்களைக் குனிந்து பார்ப்பவர் சிலர். இக்கதை கால்களிலிருந்து தொடங்குகிறது.

தாட்டோன் பக்கத்துக் கருங்கல் மலையிலிருந்து விடிய விடிய ஓடி வந்த பழம்பேருந்தொன்று தெற்கு வாயிலில் மூச்சிரைத்து நின்று, நாற்பது பேரை இறக்கிவிட்டது. கல்லுடைத்தும் கல் சுமந்தும் தடித்துக் கறுத்து, வெடித்த வயல்போலப் பிளந்த எண்பது கால்கள் செருப்பைக் கழற்றிப் படியேறின. அவர்களை அழைத்து வந்தவள் டோ ஞோ என்னும் மூதாட்டி. ஆண்டுதோறும் மலைக்கூலிகளைச் சேர்த்துக்கொண்டு கோயிற்பயணம் வருவதையே தன் தொழிலாகவும் தவமாகவும் கொண்டவள். அவள் முதற்படியில் நின்று கையைத் தட்டினாள்.

"இதே வாசல்ல ஏறுறோம், இதே வாசல்ல இறங்குறோம். மதியம் வண்டி சோத்துக்குக் காத்துக்கிட்டு நிக்கும், ஆளுக்குக் காத்துக்கிட்டு நிக்காது. சோடி சோடியாப் போங்க. புருசனத் தொலைச்சிட்டு வர்றவளுக்கு வேற புருசன் புடிச்சுத் தர என்னால ஆகாது."

"பழசக் குடுத்துட்டுப் புதுசு வாங்கலாம்னா சொல்லுங்க டோ ஞோ," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "இந்தாள இங்கயே விட்டுட்டு வர்றேன்."

சொன்னவள் மா தான் என்பவள், ஐம்பத்தோர் அகவையினள், கன்னத்தில் அரைத்த தனக்கா மரப்பட்டைப் பூச்சும் கொண்டையில் ஒரு கொத்து மல்லிகையுமாய், கல்கூடை சுமந்து சுமந்து நேராகிப் போன கழுத்தோடு, அரசியைப்போல நின்றாள். விடப்படவிருந்தவன் அவள் கணவன் கோ சான், ஐம்பத்தாறு அகவையினன், சென்ற மழைக்காலத்தில் உருண்டு வந்த பாறையொன்று இடக்காலைப் பிடித்துக்கொண்டதால் சற்றே சாய்ந்து நடப்பவன். எல்லாரும் சிரித்தபொழுது அவனும் சிரித்தான். ஆயினும், அவளிடமிருந்து இன்று எவ்வாறேனும் ஓர் அரைநாழிகை விலகி நிற்கவேண்டுமென்று அந்நாற்பது பேரில் உண்மையாகவே ஏங்கிக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான்.

ஏனென்பதைச் சொல்லிவிடுவதே முறை. அந்நாட்டில் ஒவ்வொருவருக்கும் பிறந்த கிழமையே காவல்; கிழமைக்கொரு திசை, திசைக்கொரு விலங்கு. சுவேடகோனின் அடியைச் சுற்றி அவ்விலங்குகள் தத்தம் மூலையில் அமர்ந்திருக்க, வருவோர் தம் மூலையில் நின்று, தம் அகவைக்கு ஒன்று கூட்டி அத்தனை கிண்ணம் நீர் ஊற்றுவர். கிழமை பார்த்தே பெயரிடுவர். கிழமை பார்த்தே பெண் கொடுப்பர். வெள்ளிக்கிழமைப் பெண்ணும் திங்கட்கிழமை ஆணும் கூடினால், முடி நரைக்குமுன் ஒருவரை மற்றவர் புதைப்பர் என்பது அவர்களுள் உறைந்த அச்சம். மா தான் வெள்ளிக்கிழமை பிறந்தவள். கோ சானோ ஐராவதிக் கழிமுகத்தில் ஒரு திங்கட்கிழமை பிறந்து கீ வின் என்று பெயரிடப்பட்டு, இருபத்தேழாம் அகவையிற் பிழைப்புத் தேடி மலைக்கு வந்து, கல்கூடையோடு எதிரே வந்த ஒருத்தியைக் கண்ட மறுநாளே, ஊரறியாதவன் என்னும் துணிவில் தன்னைச் செவ்வாய்க்கிழமையான் என்றும் சான் வின் என்றும் ஆக்கிக்கொண்டவன். பெண்ணின் தகப்பன் கிழமையைக் கேட்டான். இவன் வாய் கூசாமற் செவ்வாய் என்றான். இருபத்தொன்பது ஆண்டுகளாக ஊர்த்தூபியில் செவ்வாயின் சிங்கத்துக்கே நீரூற்றி வந்தான்.

பாறை உருண்டு வந்த அன்று, அதன் அடியிற் கால் சிக்கி, மழைநீர் வாயிற் புக, உச்சிப்பொழுது வரை கிடந்தபொழுது அவன் நெஞ்சு சிங்கத்தை அழைக்கவில்லை. திங்கட்கிழமைக்குரிய தன் சொந்தப் புலியைத்தான் அழைத்தது. பிழைத்தெழுந்தால் சுவேடகோனின் கீழ்த்திசை மூலையில் உன் தலையில் நீரூற்றுவேன் என்று நேர்ந்துகொண்டான். பிழைத்தும் எழுந்தான். இப்பொழுது நேர்ந்ததைச் செலுத்தினால் மனைவிக்குப் பொய் வெளிப்படும். செலுத்தாவிட்டால், அடுத்த பாறை எங்கே காத்திருக்கிறதோ யாரறிவார்?

பொன்தூபியை வலமாகச் சுற்றத் தொடங்கினர் இருவரும். வெயில் ஏறி, பளிங்கு கொதிக்கத் தொடங்கியது. நகரத்தாரும் வெளிநாட்டாரும் நடைவழியில் விரித்திருந்த பாய்களிலிருந்து தவறிக் கல்லில் மிதித்த பொழுதெல்லாம் நாரைகளாய் ஒற்றைக்காலில் துள்ள, இவ்விருவரும் பாயை விட்டு விலகி வெறுங்கல்லில் ஆற அமர நடந்தனர்.

"பாவம், பஞ்சுல வளந்த காலு," என்றாள் மா தான், துள்ளும் வெள்ளைக்காரர் ஒருவரைப் பார்த்து.

கோ சான் குதிகாலால் ஒரு பலகையைத் தட்டினான். "இதுக்கடியில பொள்ளல். கொத்தன் சுண்ணாம்புல ஏமாத்தியிருக்கான்."

"புத்தர் முன்னால வந்தும் கல்லத்தான் பாக்குற. அண்ணாந்து பாரு, கோ சான். அவ்வளவும் பொன்னு."

"பொன்ன நான் ஒடச்சதில்ல. அதப்பத்தி நான் என்னத்தச் சொல்ல?"

வடக்கே வெள்ளிக்கிழமையின் வாலற்ற அகழெலி இருந்தது. அங்கேதான் அவன் வலை விரித்திருந்தான்: அவள் ஐம்பத்திரண்டு கிண்ணம் ஊற்றி முடிக்குமுன் கிழக்கே ஓடி, தன்னுடையதை ஊற்றிவிட்டு, ஒன்றுமறியாதவனாய்த் திரும்பிவிடலாம்.

"நீ ஊத்திக்கிட்டிரு, மா தான். நான் போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வந்துர்றேன்."

"ஏறுறதுக்கு முன்னால ரெண்டு தரம் போன. அந்தக் கால வச்சுக்கிட்டுப் படியெறங்கி ஏறுவியா? பேசாம நின்னு எண்ணு. எனக்குப் பாதியில எண்ணிக்கை வழுக்கிரும்னு தெரியும்ல."

எண்ணினான். கண்ணோ கிழக்கே ஓடியது.

"முப்பத்தொண்ண ரெண்டு தரம் சொன்ன," என்றாள் அவள் திரும்பாமலே. "யாரப் பாக்குற அங்க?"

வலை கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமையின் கருடனைக் கடந்தார்கள். அடுத்த மூலையில், கல்லில் வடித்த மீசையும் எண்ணெய் மின்னும் நெற்றியுமாய், இருபத்தொன்பது ஆண்டு பேசாதிருந்த உடன்பிறந்தானைப்போல அவனை நேரே நோக்கிக்கொண்டு புலி அமர்ந்திருந்தது. கோ சானின் கால்கள் நின்றன.

"என்ன?"

"நம்ம கௌங் திங்கக்கெழம பொறந்தவன்ல," என்றான், வாய்க்கு வந்ததைப் பற்றிக்கொண்டு. கௌங் என்பவன் அவனோடு வெடிகுழிக்குப் பாறையில் துளைபோடும் இளையவன். சென்ற மாதம் கையை முறித்துக்கொண்டவன். "அவன் பேருக்கு ஊத்தச் சொன்னான். கை சரியாகணும்ல."

"அட, நல்ல புள்ள. ஊத்து ஊத்து. நான் இந்த நெழல்ல ஒக்காந்துக்குறேன்."

கௌங்கின் பெயரை உரக்கச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை எடுத்தான். முதற் கிண்ணம் புலியின் தலையில் விழுந்து வழிந்தபொழுது, மழைநீர் வாயிற் புகுந்த அந்த நாள் அவனுள் திறந்துகொண்டது. அதன்பின் மனைவியில்லை, கூட்டமில்லை, வெயிலில்லை. உதடுகள் தாமாகவே எண்ண, கை தானாகவே முகக்க, நீர் தானாகவே விழ, கண்ணிலும் ஏதோ வழிந்தது. வயிறு கனத்த தாய் பெறுவதுபோல ஒவ்வொன்றாய் இறக்கி வைத்து, கடைசிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, நெடுமூச்செறிந்து திரும்பினான்.

மா தான் எழுந்து நின்றிருந்தாள்.

"ஐம்பத்தேழு," என்றாள்.

அவன் கிண்ணத்தில் எஞ்சிய துளிகளை உதறினான்.

"கௌங்குக்கு வயசு முப்பத்திநாலு. முப்பத்தஞ்சு ஊத்தணும். நீ ஐம்பத்தேழு ஊத்துன."

"எண்ணிக்க தப்பிப்போச்சு."

"ஒனக்கா? நாப்பது குழியில திரி வச்சாலும், வெடிக்காம நின்ன ஒத்தக் குழி எதுன்னு காதால எண்ணிச் சொல்லுற ஆளு நீ. ஒன் எண்ணிக்கைய நம்பித்தான் அந்த மலையில எல்லாரும் மறுபடி உள்ள போறோம். இப்பச் சொல்லு. ஐம்பத்தாறு வயசுத் திங்கக்கெழமக்காரன் யாரு?"

சொன்னான். நின்றபடியே, கிண்ணத்தைப் பிடித்தபடியே, கீ வின் என்ற பெயரிலிருந்து பாறை வரை எல்லாவற்றையும் கூட்டாமற் குறைக்காமற் சொன்னான். கேட்டவள் பளிங்கிலேயே அமர்ந்துவிட்டாள். அருகே ஊற்ற வந்த குடும்பமொன்று இவர்களை விலக்கிக்கொண்டு ஊற்றிவிட்டுப் போனது. இருவரும் அதைக் கண்டிலர். அவள் முகத்திற் சினம் வருமென்று காத்திருந்தான், வந்தது அச்சம். எட்டி அவன் இடக்காலைப் பிடித்து, கெண்டைச் சதையில் ஓடிய தழும்பை விரலால் மேலிருந்து கீழ்வரை தடவினாள்.

"அப்ப இது என்னால வந்ததா?"

"இல்ல. மழையால வந்தது. அடியில மண்ணு கரஞ்சிருந்துச்சு. நான்தான் பாக்காம நின்னேன்."

"என்ன நீ பொதைக்கணும், இல்லன்னா ஒன்ன நான். அப்படித்தான சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. முடி நரைக்கிறதுக்குள்ளன்னுதான் சொல்லுவாங்க." அவன் குனிந்து தன் தலையைக் காட்டினான், கல்தூள் படியாத இன்றும் அது கல்தூள் நிறத்திலேயே இருந்தது. பிறகு அவள் கொண்டையைப் பார்த்தான். "ஒன் கொண்டையிலயும் மல்லிப்பூ எது, முடி எதுன்னு தெரியல."

அவள் உதடு கோணியது. சிரிப்பாகும் முன்பே அதைக் கடித்து நிறுத்தினாள். இன்னும் சொல்லவேண்டியது இருந்தது.

"நீ திங்கக்கெழம பொறந்தது ஒன் குத்தமில்ல, கோ சான். ஆனா பயப்படணுமா வேணாமான்னு நான்ல முடிவு பண்ணியிருக்கணும்? இருபத்தொம்பது வருசம் எனக்கும் சேத்து நீ ஒருத்தனே பயந்திருக்க."

"சொல்லியிருந்தா ஒங்கப்பா குடுத்திருக்க மாட்டாரு."

"அவரு குடுத்திருக்க மாட்டாருதான்." அவள் எழுந்து இடுப்பிற் சுற்றிய தமெயின் துணியின் முனையை உதறிச் செருகிக்கொண்டாள். "நான் ஓடி வந்திருப்பேன். கூட வேலை செஞ்ச அத்தன பேருக்கும் அது தெரியும். ஒனக்கு மட்டும் தெரியல."

எத்தனையோ பாறைகளின் உள்ளிருக்கும் வெடிப்பை வெளியே தட்டியே அறிந்த கோ சான், பக்கத்திலேயே படுத்தெழுந்த ஒரு நெஞ்சைத் தட்டிப் பார்க்க மறந்து போனதை அந்த வெயிலில் அறிந்தான். அறிந்தவன் முகத்தில் ஐம்பத்தாறு அகவைக்குச் சற்றும் பொருந்தாத நாணம் பரவியது. அதைக் கண்டபின் அவளாற் சிரிப்பை நிறுத்த இயலவில்லை.

"சும்மா நிக்காத. கிண்ணத்த எடு."

"இப்பத்தான ஊத்துனேன்?"

"கௌங் பேரச் சொல்லித்தான ஊத்துன? அது அவனுக்குப் போய்ச் சேந்துருச்சு. அவன் கை ரெண்டு மடங்கு வேகமாக் கூடும், போ. மொதல்லருந்து ஊத்து. ஒன் பேரச் சொல்லு. அம்மா வச்ச பேரு."

"கீ வின்," என்றான் அவன், பிறர் செருப்பிற் கால் நுழைப்பவன்போலத் தயங்கி.

"புலிக்குக் கேக்கல."

"கீ வின்," என்றான் மீண்டும்.

இம்முறை அவள் எண்ணினாள். இருபதில் அவன் கை தளர, வெயில் ஏறுகிறதென்று அதட்டினாள். நாற்பதில் தெற்கு வாயிற்பக்கமிருந்து டோ ஞோவின் குரல் இருவர் பெயரையும் ஏலம் போடுவதுபோலக் கூவிக்கொண்டு வர, "வர்றோம், வண்டிய ஓட்டிட்டுப் போனா நடந்து வர்றோம்," என்று மறுகுரல் கொடுத்துவிட்டு நாற்பத்தொன்று என்றாள். ஐம்பத்தேழாம் கிண்ணம் விழுந்ததும் அவன் கிண்ணத்தை வைக்கக் குனிந்தான். அவள் அதைப் பறித்து, நிறைய முகந்து, தன் கணவனின் காவலும் தன் கிழமைக்குப் பகையுமான அந்தக் கல்விலங்கின் எதிரே சென்று, அதன் மீசையில் நீர் வழியும்படி மெல்ல ஊற்றினாள்.

"இது எதுக்கு?" என்றான் கோ சான்.

"இத்தன வருசமா என்னத் தின்னாம விட்டதுக்கு."

படிப்போரே, கிழமைகளை வகுத்தோர் கோள்களின் பகையையும் நட்பையும் நுணுகி அறிந்திருக்கலாம். ஆயினும் ஒரே கடப்பாரையை இருவர் சேர்ந்து பிடித்து ஒரு பாறையைப் புரட்டியபொழுது அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தாரில்லை. பளிங்கில் வழிந்த அந்நீர் வெயிலில் உடனே உலர்ந்து போயிற்று. அது உலருமுன், சாய்ந்து நடக்கும் ஒருவனும் நேராய் நடக்கும் ஒருத்தியும் கொதிக்கும் கல்லின்மேல் ஈரக்காற்சுவடுகள் பதித்து, தென்றிசை நோக்கி, விரைவேதுமின்றிப் போய்க்கொண்டிருந்தனர்.